யாரை எழுப்புவது?

தேர்வு என்ற சொல்லை எங்க சனங்க சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு 'தகுதி', 'திறமை' என்று இரண்டு சொல் கூடவே வந்துவிடும். 1990-இல் மண்டல் குழுவின் பரிந்துரையை நடைமுறைப்படுத்தப் போவதாக வி.பி. சிங் அரசு அறிவித்ததும், வடக்கே மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டார்கள். துடைப்பத்தை எடுத்துத் தெருக் கூட்டினார்கள். இடஒதுக்கீடு வந்தால் படித்த எங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சும் என்று ஊருக்குக் காட்டினார்களாம். தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைக்கிறவனும் தெருக் கூட்டுகிறவளும் அதே ரோட்டு ஓரத்தில் நின்று அதைப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. இவர்களுக்கு வேஷம். தகுதி பற்றிய பேச்சின் தகுதி அவ்வளவுதான்.

நான் எழுத வந்ததும் ஒரு தேர்வைப் பற்றித்தான். ஐ.ஏ.எஸ். இல்லை, நீட் இல்லை. இதைப் படிக்கிற தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள். மனுசனுடைய மூளையில் ஓடுகிற மின் அலைகளை, ராத்திரி பகலாக, நாள்கணக்கில் பதிவு செய்து கண்காணிக்கிறவர்களுக்கான மேல்நிலைச் சான்றிதழ்த் தேர்வு. அமெரிக்காவில் 1964-இல் தொடங்கிய ஏப்ரெட் என்ற வாரியம் நடத்துகிறது. சுருக்கமாக சி.எல்.டி.எம். என்கிறார்கள். என் தங்கச்சி அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். தமிழ் எம்.ஏ. படித்த நானும் அவளோடு சேர்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சி ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் பிளஸ் டூ முடித்தவள். டாக்டருக்குப் படிக்க மார்க் போதவில்லை. நர்சிங் போகலாம் என்றிருந்தவளை, பீஸ் குறைவு என்று யாரோ சொன்னதை நம்பி, நரம்பியல் டெக்னீசியன் டிப்ளமோவில் சேர்த்தோம். அது என்ன படிப்பு என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. "மண்டையில ஒயரு வெச்சுப் பாக்குறதாம்" என்று அம்மா தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருசம் வேலை பார்த்தாள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்குப் போனாள். வேலை செய்ய அனுமதி கிடைக்கும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அங்கே அடிப்படைப் பதிவுத் தேர்வை எழுதித் தேறி, ஒரு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டியில் சேர்ந்தாள். அந்த முதல் தேர்வைத் தேறியவர்கள், நெடுநேரக் கண்காணிப்பில் வேலை செய்த அனுபவத்தையும் காட்டினால்தான் இந்த மேல்தேர்வுக்கு மனுப் போட முடியும்.

அவளுக்கு டூட்டி முடிந்து விடியும்போது எனக்கு இங்கே பொழுது சாயும். அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற நேரம்தான் எங்களுடைய பாட நேரம். அவள் எழுதி அனுப்பிய நோட்டிலிருந்து நான் கேள்வி கேட்பேன், அவள் பதில் சொல்வாள். கேள்வி இங்கிலீஷில் இருக்கும். பதில் முதலில் தமிழில் வரணும் என்பது நாங்கள் வைத்துக்கொண்ட சட்டம். "தமிழ்ல சொல்ல முடியலன்னா எனக்கு அது புரியலன்னு அர்த்தம்க்கா" என்று அவள்தான் சொன்னாள். பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பார்ப்பாள்.

•

இந்த வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லணும். மனுசத் தலைக்கு மேலே ஒயரை வைத்து மூளையின் மின்சாரத்தை முதன்முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் மருத்துவர். 1924-இல் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். அந்த மின்சாரம் ரொம்பச் சின்னது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் வருகிற மைக்ரோவோல்ட் கணக்கில்தான் அளக்க வேண்டும்.

சாதாரண இ.இ.ஜி. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் வலிப்பு நம்ம வசதிக்கு வராது. அரை மணி நேரம் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று சொன்னவருக்கு அன்றைக்கு ராத்திரியே வரும். அதனால்தான் நெடுநேரக் கண்காணிப்பு. ஆளை வார்டில் படுக்கவைத்து, ஒயரை ஒட்டி, கேமராவையும் வைத்து, நாள்கணக்கில் பதிவு செய்வது. தேவையென்றால் டாக்டர் சொல்கிறபடி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பார்கள். வலிப்பு மூளையின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று தெரிந்தால், சிலருக்கு அந்த இடத்தை அறுவை செய்து எடுத்துவிடலாம். மருந்து கேட்காதவர்களுக்கு அது மறுபிறப்பு.

இதில் முதல் பாடம் தலையைத் தொடுவது. மூக்கும் நெற்றியும் சேர்கிற பள்ளத்திலிருந்து பிடரி மேடுவரைக்கும், ஒரு காதின் முன்குழியிலிருந்து இன்னொரு காதின் முன்குழிவரைக்கும் நாடாவால் அளக்கணும். அளந்ததை 10 சதவீதம், 20 சதவீதம் என்று பிரித்துப் புள்ளி வைக்கணும். 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட முறை இது. உலகம் பூராவும் இதுதான். இடப்பக்கம் ஒற்றைப்படை எண், வலப்பக்கம் இரட்டைப்படை எண். புள்ளி வைத்த இடத்தில் முடியை வகிர்ந்து, தோலைத் தேய்த்து அழுக்கெடுத்து, எலக்ட்ரோடை வைத்து, கொலோடியன் நனைத்த துணியால் ஒட்டி, காற்றடித்துக் காயவைக்கணும். ஈரும் பேனும் இருந்தாலும், எண்ணெய்ப் பிசுக்கு நாறினாலும், வாந்தி ஒட்டியிருந்தாலும் அதே கைதான், அதே பொறுமைதான்.

வர்ணக் கதையில் ஒருத்தன் தலையிலிருந்து பிறந்தான், ஒருத்தன் தோளிலிருந்து, ஒருத்தன் தொடையிலிருந்து, ஒருத்தன் காலிலிருந்து. நாங்க எதிலிருந்தும் பிறக்கவில்லை, அந்த உடம்புக்கே வெளியே. வெளியே நிறுத்தின கைதான் இன்றைக்கு எல்லாத் தலையையும் அளக்கிறது. சென்னை ஆஸ்பத்திரியில் ஒயரை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கூட வந்தவர்கள் கேட்பார்களாம். "உனக்கு எந்த ஊரும்மா?" ஊர்ப் பேரைச் சொன்னால், "அதுல எந்தப் பக்கம்?" அவள் கையை எடுக்காமல் சொல்வாளாம்: "கொஞ்சம் அசையாம இருங்க, அளவு தப்பிடும்." ஒரு அம்மா மட்டும், எல்லாம் முடிந்து அசிட்டோன் தொட்டு ஒயரை எடுத்த பிறகு, மகன் தலைக்கு வீட்டுக்குப் போய்த் தண்ணி ஊத்தணும் என்று இவள் காதுபடவே சொன்னாள். பேஸ்ட் ஒட்டியிருந்தால் எல்லாரும்தான் தலைக்கு ஊத்திக்கொள்வார்கள். ஆனால் எதைக் கழுவுகிறார்கள் என்பது சொல்கிற தொனியில் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எந்த மெஷினும் வேண்டாம், எங்க காதே போதும்.

நியூ ஜெர்சிக்குப் போன பிறகு தலையைப் பற்றி இன்னொரு பாடம் கிடைத்தது. சுருள் முடியும் அடர்த்தியும் சேர்ந்த கறுப்பின மக்களின் தலையில், வழக்கமான எலக்ட்ரோடு தோலைத் தொட்டு உட்காராது. முடி அதைத் தூக்கிவிடும். பதிவு கலங்கும். கருவியைச் செய்தவர்கள் ஒரு மாதிரித் தலையை மட்டும் மனசில் வைத்துச் செய்திருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்த ஆர்னெல் எட்டியன் என்ற கறுப்பினப் பெண்ணும் அவரோடு இருந்தவர்களும், தலைமுடியை நெருக்கமாகப் பின்னி, அந்தப் பின்னலுக்கு நடுவே கிளிப் போல மாட்டுகிற எலக்ட்ரோடை உருவாக்கி 2020-இல் வெளியிட்டார்கள். 'இவங்க முடி சரியில்லை' என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு பொண்ணு திருப்பிப் போட்டாள். முடி சரியாகத்தான் இருக்கிறது, கருவிதான் சரியில்லை. தகுதி பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அளவுகோலையே ஒரு சாரார் தலைக்கு ஏற்ற மாதிரி செய்து வைத்துக்கொண்டு, மற்றவன் தலை பொருந்தவில்லை என்றால் எப்படி?

•

படிப்பு என்று உட்கார்ந்தால் முதலில் கணக்கு. அலையின் உயரம் 10 மில்லிமீட்டர், மெஷினை மில்லிமீட்டருக்கு 7 மைக்ரோவோல்ட் என்று வைத்திருக்கிறோம், அலையின் அளவு என்ன? 70 மைக்ரோவோல்ட். ஒரு விநாடிக்கு நாலுக்குக் குறைவாக வந்தால் டெல்டா. நாலிலிருந்து எட்டுக்குள் தீட்டா. எட்டிலிருந்து பதிமூணு ஆல்ஃபா. அதுக்கு மேலே பீட்டா. இதெல்லாம் பழைய தேர்விலேயே படித்தது. ஆனாலும் விடியற்காலைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வரணும் என்பாள். ஒரு இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. நம்ம ஊர்க் கரண்டு விநாடிக்கு 50 முறை மாறுகிறது. பக்கத்து மெஷினிலிருந்து கசிகிற கரண்டு பதிவில் கலந்தால் இங்கே 50 என்று தெரியும். அமெரிக்காவில் 60. அவள் கை ஆறு வருசம் 50-ஐத் தேடிப் பழகியது. "கரண்டுக்குக்கூட ஊர் இருக்குது பாரு" என்றேன்.

ஒயர்களை ஜோடி சேர்த்துப் படிக்கிற முறைகளில் ஒன்றுக்கு 'இரட்டை வாழைப்பழம்' என்று பேர். தலைப் படத்தில் கோடு போட்டால் இரண்டு பழம் வைத்த மாதிரி இருக்குமாம். அதைக் கேட்ட நாளில் கரகாட்டக்காரன் படத்து வாழைப்பழக் காமெடியைச் சொல்லி இரண்டு பேரும் பாடத்தையே விட்டுவிட்டுச் சிரித்தோம். இங்கிலீஷ் புத்தகத்துக்குள் இப்படி ஒரு இடத்தில் காலை ஊன்றிக்கொண்டால், மற்றது பயமில்லாமல் வரும்.

சிறுபிள்ளைகளுக்கு வருகிற ஒரு வலிப்பு இருக்கிறது. கை கால் வெட்டாது, கீழே விழாது. பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளை சில விநாடி அப்படியே வெறித்துப் பார்க்கும். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசும். பதிவில் விநாடிக்கு மூணு முறை, ஒரு கூர்முனை, ஒரு மெத்தலை, ஒரு கூர்முனை, ஒரு மெத்தலை என்று தலை பூராவும் ஒரே நேரத்தில் ஓடும். எப்படி இருக்கும் என்று கேட்டேன். போனிலேயே மேசையைத் தட்டிக் காட்டினாள், டண்டக்கு, டண்டக்கு, டண்டக்கு. எங்க தெருவில் பிறந்தவளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்க பள்ளிக்கூடம். எங்க பிள்ளைகளை 'மக்கு', 'எருமை', 'பாடம் நடத்துறப்ப எங்கடா மேயுற' என்று பிரம்பால் வெளுத்தார்களே, அதில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்த டண்டக்கு ஓடிக்கொண்டிருந்ததோ. மாத்திரை கொடுத்திருந்தால் நின்றிருக்கும். பிரம்படிதான் கிடைத்தது. ஊர்ப் பிள்ளை வெறித்துப் பார்த்தால் 'உடம்பு சரியில்லையாப்பா' என்று கேட்கிற அதே வாய், சேரிப் பிள்ளை வெறித்துப் பார்த்தால் 'புத்தி மந்தம்' என்று முடித்துவிடும்.

இந்தத் தேர்வுக்குப் படிக்கையில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், பக்கத்தில் இருந்து பார்த்தவளின் குறிப்புக்கு இருக்கிற மரியாதை. நோயாளி மென்று தின்றால் பதிவில் அலை எகிறும். சொறிந்தால் ஒரு மாதிரி வரும். வேர்த்தால் ஒரு மாதிரி. கைக்குழந்தையை மடியில் போட்டு அம்மா முதுகில் தட்டித் தூங்கவைத்தால், அந்தத் தட்டல் வலிப்பு அலை மாதிரியே தெரியும். அலையை மட்டும் பார்த்தால் குழந்தைக்கு வலிப்பு என்று மருந்து ஏற்றிவிடுவார்கள். 'இந்த நேரத்தில் அம்மா தட்டிக்கொண்டிருந்தாள்' என்று டெக்னீசியன் ஒரு வரி எழுதி வைக்கணும். அந்த ஒரு வரி இல்லாமல் எவ்வளவு பெரிய டாக்டரும் தடுமாறலாம். எங்க எழுத்தை 'வெறும் சாட்சியம், இலக்கியம் இல்லை' என்று சொல்கிற பெரிய மனுசர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். கூட இருந்து பார்த்தவளின் வார்த்தையைத் தள்ளிவிட்டு நீங்கள் வாசிக்கிற வாசிப்பு தப்பாகத்தான் போகும்.

•

எங்க அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்பாவுக்குத் தங்கச்சி. காக்கா வலிப்பு. வந்தால் வீட்டுச் சாவியைக் கையில் திணிப்பார்கள், இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று. வலிப்பு தானாக நின்றதும் இரும்புக்குப் பேர் போகும். ஒருமுறை அடுப்பின் மேலேயே விழுந்து இடது கை வெந்தது. 1994-இல் கல்யாணம். 1996-இல் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். வலிப்பு இருந்தால் கல்யாணமே செல்லாது என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னார்கள். பொய்யில்லை. 1955-இன் இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருகிறவர்களின் கல்யாணத்தைச் செல்லாததாக்க இடம் வைத்திருந்தார்கள். வலிப்பு என்ற சொல்லை 1999-இல்தான் திருத்தம் செய்து எடுத்தார்கள். கோர்ட் வாசலையே பார்க்காத எங்க தெருவுக்குச் சட்டத்தின் நல்லது எதுவும் வந்து சேராது. இந்த மாதிரி மட்டும் சரியாக வந்து சேரும்.

ஒரு ராத்திரி அத்தைக்கு வலிப்பு நிற்காமல் வந்தது. ஒன்று முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது. ஊர்த்தெருவில் ஒருத்தரிடம் வேன் இருந்தது. தாத்தா ஓடினார். தெருமுனையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். ஆனால் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. தெருவில் நின்று "ஐயா... ஐயா..." என்று கூப்பிட்டார். உள்ளே லைட் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அத்தையைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். ஒரு லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். அந்த முறை பிழைத்துக்கொண்டாள்.

அதே தாத்தாதான் அந்த வீட்டுக் களத்து மேட்டில் அறுவடைக்கு அறுவடை ராக்காவல் இருந்தவர். போரடித்த நெல்லுக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருப்பார். கூலி ரெண்டு மரக்கா நெல்லு. திருடன் வந்து இவர் ஒரு குரல் கொடுத்தால் ஊரே எழுந்து ஓடிவரும். நெல்லுக்காகக் கத்தினால் எழுந்திருக்கிற ஊர், மகளுக்காகக் கத்தினால் எழுந்திருக்காது. விழித்திருக்கிற வேலையை எங்களுக்குக் கொடுத்தார்கள். எழுப்புகிற உரிமையைக் கொடுக்கவில்லை.

2001-இல் ஒரு நாள் விடியற்காலை அத்தை எழுந்திருக்கவில்லை. குப்புறப் படுத்திருந்தாள். தலைகாணி ஈரமாக இருந்தது. "தூக்கத்துலயே பூட்டா, புண்ணியவதி" என்று ஆயா சொல்லிச் சொல்லி அழுதாள். தங்கச்சிக்கு அப்போது எட்டு வயசு. அத்தை பக்கத்தில்தான் அவள் படுப்பாள்.

இந்தத் தேர்வுப் பாடத்தில் ஒரு பகுதி, வலிப்பு நோயாளிகளுக்கு எதிர்பாராமல் வருகிற மரணம். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒவ்வொரு வருசமும் இப்படிச் சாகிறார்கள். கை கால் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்புக்குப் பிறகு, பெரும்பாலும் ராத்திரியில், தூக்கத்தில், தனியாக. பலரைக் குப்புறப் படுத்த நிலையில்தான் கண்டெடுக்கிறார்கள். பல நாடுகளின் கண்காணிப்பு வார்டுகளிலேயே நடந்த சாவுகளைத் தொகுத்து 2013-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அங்கேயும் அநேகமாக எல்லாம் ராத்திரியில், ஆள் கவனிப்பு குறைந்த நேரத்தில். வலிப்பு முடிந்த பிறகு முதலில் மூச்சுத் தடுமாறி, பிறகு இதயம் நிற்கிறது. சீக்கிரம் போய்த் திருப்பிப் படுக்கவைத்து உயிர்ப்பு முதலுதவி செய்தால் காப்பாற்ற இடமிருக்கிறது. ஒயர் ஒட்டியிருந்தும், கேமரா ஓடியும், பார்க்கிற ஆள் இல்லாததால் போன உயிர்கள்.

நான்தான் அந்தப் பக்கத்தை வாசித்தேன். நோட்டில் அவள் கையெழுத்து. 'குப்புற' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தாள். நான் கேள்வி கேட்கவில்லை. அவளே பதிலைச் சொன்னாள், முதலில் தமிழில், பிறகு இங்கிலீஷில். அப்புறம் "ஸ்டாப் வந்துட்ச்சுக்கா, வெக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

•

இந்தச் சான்றிதழ் அவளுக்கு எதற்கு? சம்பளம் கூடலாம், அதை ஒளிக்க வேண்டியதில்லை. எங்க சனங்க சம்பளத்தைப் பற்றிப் பேச வெட்கப்படக்கூடாது. ஆனால் வேறொன்றும் இருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் கிடக்கிற நோயாளிக்கு வருகிற வலிப்பு பெரும்பாலும் வெளியே தெரியாது. உடம்பு அசையாது. கண் மூடியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆள் தூங்குகிற மாதிரி. உள்ளே மூளை வெந்துகொண்டிருக்கும். அலைதான் காட்டிக்கொடுக்கும். பத்து விநாடிக்குள் 25-க்கு மேல் கூரலைகள் வந்தால் அது வலிப்பு என்று 2021-இல் அமெரிக்க நரம்பு மின்னியல் சங்கம் வரையறுத்திருக்கிறது. தொடர்ந்து 10 நிமிடம் இருந்தாலோ, ஒரு மணி நேரத்தில் சேர்த்துப் பார்த்து 12 நிமிடம் இருந்தாலோ, அது அவசர நிலை. நோய் இன்னது என்று முடிவு சொல்வது டாக்டர் வேலை. அதை டெக்னீசியன் செய்யக்கூடாது. ஆனால் எப்போது டாக்டரை எழுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கணும். இந்தத் தேர்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எதைக் கண்டால் உடனே எழுப்பணும், எதைக் கண்டால் குறித்துவைத்தால் போதும், வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது முதலில் ஆளைப் பார்ப்பதா மெஷினைப் பார்ப்பதா. முதலில் ஆள்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடிபடாமல் பார்த்து, பேரைக் கேட்டு, ஒரு சொல்லைச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, பிறகு அந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்கணும். நோயாளி எந்த மொழிக்காரரோ அந்த மொழியில் கேட்கணும்.

சென்னையில் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி மூணு மணிக்கு இப்படி ஒரு அலையைப் பார்த்துவிட்டு டூட்டி டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "ரிப்போர்ட் சொல்ற அளவுக்கு வந்துட்டியா? ஒயர ஒட்டறதோட நிறுத்திக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலையில் ஏழு மணிக்கு வந்த பெரிய டாக்டர் பதிவைப் பார்த்ததும் மருந்து ஏற்றச் சொன்னார். நாலு மணி நேரம் போயிருந்தது. "தாத்தா தெருவுல நின்னு கூப்ட்டாரே, அந்த மாதிரிதான் இருந்துச்சுக்கா. லைட்டு எரிஞ்சிச்சு, அணைஞ்சிச்சு" என்று பிற்பாடு ஒரு நாள் சொன்னாள்.

சான்றிதழ் வந்தால் சாதி போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது. அவள் இருக்கிற ஊரிலிருந்து ஆத்தைத் தாண்டினால், 1913-இல் அம்பேத்கர் படிக்கப் போன கொலம்பியா பல்கலைக்கழகம். அந்த மண்ணிலேயே, பொங்கல் விழாவில் இவளிடம் ஒருத்தர் "கோட்டாவுல படிச்சவங்களுக்கெல்லாம் இங்க வந்து எக்ஸாம் எழுதுறது கஷ்டமாச்சே" என்று அக்கறையாகச் சொன்னார். சியாட்டில் நகரசபை 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், நம்ம ஆட்கள் பெட்டியில் என்ன கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அவருக்கு நிரூபிப்பதற்காக இவள் இந்தத் தேர்வை எழுதவில்லை. விடுதிச் சோறு தின்று, உதவித்தொகையில் படித்துத்தான் வந்தாள். அது எங்க உரிமை, அதில் மறைக்க ஒன்றுமில்லை. தகுதி என்பது ரத்தத்தில் வருவதில்லை. ராத்திரி டூட்டி முடித்துவிட்டுப் பஸ்ஸில் தூங்காமல் படிப்பதில் வருகிறது. படிக்க விளக்கும் நோட்டும் நேரமும் யாருக்குக் கிடைத்தது என்பதில் வருகிறது.

அவள் கேட்பது ஒன்றுதான். நடுராத்திரியில் அவள் கூப்பிட்டால், எதிரில் இருக்கிறவர் எழுந்திருக்க வேண்டும். 'நீ யார் சொல்றதுக்கு' என்று கேட்க முடியாதபடி கையில் ஒரு தாள் வேண்டும்.

•

தாள் ஒருத்தி கைக்கு வரும். மற்றவர்களுக்கு? உலகத்தில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கிறது, அவர்களில் 80 சதவீதம் பேர் நம்ம மாதிரி நாடுகளில் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒழுங்காக மருந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர்வரை வலிப்பில்லாமல் வாழ முடியும். 1912-இலிருந்து இருக்கிற பினோபார்பிட்டோன் மாத்திரை இன்றைக்கும் மலிவான மாத்திரைதான். எங்க அத்தைக்கு வேண்டியிருந்தது நாள் தவறாத ஒரு மாத்திரையும், ராத்திரியில் எழுந்து பார்க்க ஒரு ஆளும், ஓடிப்போய்த் தட்டினால் திறக்கிற ஒரு கதவும். அமெரிக்க மெஷின் இல்லை.

தோழர்களுக்கு இரண்டு சொல்ல நினைக்கிறேன். எங்க பிள்ளைகளை டாக்டர், கலெக்டர் என்று மட்டும் கனவு காணச் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குள்ளே இந்த மாதிரிப் பேர் தெரியாத படிப்புகள் எத்தனையோ இருக்கின்றன. நம்ம விடுதிகளில் இவற்றைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இப்படி வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் கூட்டிவந்து விடுதியில் ஒரு சாயங்காலம் பேசவையுங்கள். பாடத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கவும் பழக்குங்கள். இங்கிலீஷ் தேர்வுக்கு அது குறுக்கே நிற்காது, ஊன்றுகோலாக இருக்கும்.

இன்னொன்று, நாளைக்கே உங்கள் தெருவில் யாருக்காவது வலிப்பு வரலாம். சாவியைத் தேடாதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் துணியை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வலிப்பு நின்ற பிறகும் மூச்சு சீராகி நினைவு திரும்பும்வரை பக்கத்திலேயே இருங்கள். அஞ்சு நிமிசத்தைத் தாண்டினாலும், நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால், யார் வீட்டில் வேன் நிற்கிறதோ அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம். தெருவில் நின்று கூப்பிட வேண்டாம். கதவையே தட்டுங்கள். திறக்கும்வரைக்கும் தட்டுங்கள்.